கவாலாவின் வெண்கலப் பாஷா

கிரேக்க நாட்டின் வடக்கே, ஏஜியன் கடலோரத்தில் இருக்கும் துறைமுகப் பட்டினம் கவாலா. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குன்றின் மேல் அதன் பழைய நகர். அங்கே உஸ்மானியர் காலத்துப் பெரிய வீடு ஒன்றும் அதன் முன்னால் ஒரு சிறு சதுக்கமும் இருக்கின்றன. சதுக்கத்தில் ஒரு வெண்கலக் குதிரை. குதிரைமேல் தலைப்பாகையும் தாடியுமாக ஒரு மனிதர், கையில் வாள். 1805 முதல் 43 ஆண்டுகள் மிஸ்ரை ஆண்ட முஹம்மத் அலி பாஷாதான் அவர். பிறந்த ஊர் கவாலா. வாளெடுக்கும் முன் அங்கே புகையிலை வியாபாரம் செய்தவர்.

இந்தச் சிலையைப் பற்றி எழுதப் போவதாக, ஓய்வுபெற்ற ஆசிரியரான நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "என்ன தம்பி, செலயப் பத்தியா எழுதப் போறீங்க? அதுவும் நம்மட சஞ்சிகைல?" என்றார். அவர் கேள்வியில் இரண்டு கேள்விகள் உண்டு. உருவச்சிலை என்பதே நமக்கு ஆகாதே என்பது ஒன்று. எங்கோ கிடக்கும் கவாலாவுக்கும் நமக்கும் என்ன என்பது மற்றது. இரண்டாவதை முதலில் எடுக்கிறேன், அதற்குப் பதில் சுருக்கமானது என்பதால்.

முஹம்மத் அலி பாஷாவின் கொள்ளுப்பேரன் கெதீவ் தௌபீக். அந்தத் தௌபீக்கின் ஆட்சியை எதிர்த்து நின்று, 1882 செப்டம்பரில் தல் அல்கபீரில் பிரித்தானியப் படையிடம் தோற்று, நாடுகடத்தப்பட்டவர்தான் நாம் ஒராபி பாஷா என்று அழைக்கும் அஹ்மத் உராபி. 1883 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கியவர் 1901 வரை இந்த மண்ணில் இருந்தார். 1892இல் மருதானையில் பின்னாளைய ஸாஹிராக் கல்லூரிக்கு அடித்தளமிட்டபோது சித்தி லெப்பையோடும் வாப்பிச்சி மரிக்காரோடும் நின்றார். கண்டியில் அவர் குடியிருந்த வீடு இன்றும் அவர் பேரைச் சுமக்கிறது. துருக்கித் தொப்பி நம்மவர் தலையில் ஏறியதிலும் அவருக்குப் பங்குண்டு. 1885இல் சித்தி லெப்பை அஸன்பேயுடைய கதையை எழுதியபோது மிஸ்ரைப் பின்னணியாக எடுத்தார் என்றால், மிஸ்ர் அன்று நம்மவர் பேச்சில் எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும்! ஆகவே கவாலாவில் குதிரை ஏறி நிற்பவர் நமக்கு யாரோ அல்ல. ஒராபியை நம் கரையில் கொண்டுவந்து தள்ளிய குடும்பத்தின் மூதாதை. நான் பார்ப்பது அந்தக் கண்ணோடுதான். நடுநிலையாளனாக வேஷம் போட விரும்பவில்லை.

சிலையைச் செய்தவர் கொன்ஸ்தாந்தினோஸ் திமித்ரியாதிஸ். இன்றைய பல்கேரியாவிலுள்ள ஸ்தெனிமாக்கோஸில் பிறந்தவர். பாரிஸிலும் இலண்டனிலும் பல காலம் வேலை செய்தவர். ரோதினின் செல்வாக்கு அவரிடம் தெரியும். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில், கலைக்கும் பதக்கம் கொடுத்த அந்த நாட்களில், தட்டெறியும் வீரனின் சிலைக்காகத் தங்கப்பதக்கம் பெற்றார். 1930இலிருந்து ஏதென்ஸ் நுண்கலைக் கல்லூரியை நடத்தினார். கைதேர்ந்தவர், சந்தேகமில்லை. பாஷாவின் சிலை 1930களில் உருவானது. நடுவில் உலகப் போர் வந்தது, கவாலா பல்கேரியர் வசம் போனது, பிறகு கிரேக்கரின் உள்நாட்டுப் போர். முறையான திறப்பு விழா 1949இல்தான் நடந்தது. சிற்பி 1943இலேயே இறந்துவிட்டார்.

1949 சும்மா வந்த ஆண்டல்ல. பாஷா அலெக்ஸாந்திரியாவில் மரணித்தது 1849 ஆகஸ்ட் 2ஆம் திகதி. நூறாண்டு நிறைவு. இந்தச் சிலை யாருக்கு வேண்டியிருந்தது என்று கேட்டால்தான் கதை திறக்கும்.

கவாலா மக்கள் கேட்டு வந்த சிலை அல்ல இது. மிஸ்ரில் வாழ்ந்த கிரேக்க சமூகத்தின் அன்பளிப்பு. பாஷாவின் காலத்திலிருந்தே கிரேக்க வியாபாரிகள் அலெக்ஸாந்திரியாவில் வேரூன்றியிருந்தார்கள். மிக்காயில் தொஸித்ஸாஸ் பாஷாவின் நண்பர், அவருடைய வாணிப விவகாரங்களைப் பார்த்தவர், பிறகு கிரேக்க நாட்டின் முதல் கொன்சல் ஜெனரலாக அங்கே அமர்ந்தவர். அவருக்குப் பின்னால் பருத்தியில் பெரும் பணம் பார்த்த அவெரோப், பெனாக்கி குடும்பங்கள். மிஸ்ரின் வெளிநாட்டுச் சமூகங்களில் கிரேக்கரே தொகையில் பெரியவர்கள். வெளிநாட்டவரை அந்நாட்டு நீதிமன்றங்களுக்கு அப்பால் வைத்திருந்த பழைய சலுகைகளின் நிழலில்தான் இவர்கள் எல்லோரும் வளர்ந்தார்கள்.

1937இல் மொந்த்ரோ ஒப்பந்தம் அந்தச் சலுகைகளுக்கு முடிவு கட்டியது. 12 ஆண்டு அவகாசத்துக்குப் பின், வெளிநாட்டவரின் வழக்குகளைக் கேட்ட கலப்பு நீதிமன்றங்கள் 1949 ஒக்டோபரில் மூடப்பட்டன. இடையில் 1947இல் வந்த கம்பனிச் சட்டம், வேலைகளிலும் பங்குகளிலும் மிஸ்ரியருக்கு இடம் கொடு என்றது. தலைமுறை தலைமுறையாக இருந்த ஊரில் திடீரென்று அந்நியர் ஆகிறோமா என்ற பயம் ஒரு சமூகத்துக்கு வந்தால் அது என்ன செய்யும்? ஆள்பவரின் பாட்டனாரைப் புகழும். இத்தாலியரும் அதையே செய்தார்கள். பாரூக் மன்னரின் பாட்டனார் கெதீவ் இஸ்மாயிலுக்கு, பியெத்ரோ கனோனிக்கா வடித்த சிலையை 1938இல் அலெக்ஸாந்திரியாவின் கடற்கரையில் நிறுத்திக் கொடுத்தார்கள். கிரேக்கர் இன்னும் இரண்டு தலைமுறை மேலே போய், வம்சத்தின் வேரையே பிடித்தார்கள். கவாலாச் சிலையை நான் இப்படித்தான் வாசிக்கிறேன். அதன் முகம் கிரேக்க மண்ணைப் பார்த்தாலும் அது பேசுவது காஹிராவின் ஆபிதீன் அரண்மனையோடு. நன்றியும் அதில் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மனுவும் இருக்கிறது.

மனு கொடுத்த கை காயுமுன் அதைப் படிக்க வேண்டியவர் போய்விட்டார். 1952 ஜூலையில் பாரூக் முடிதுறந்து கப்பலேறினார். 1953 ஜூனில் மிஸ்ர் குடியரசானது. அலெக்ஸாந்திரியாவில் இஸ்மாயிலின் சிலையை இறக்கி, அதைச் சூழ்ந்திருந்த தூண்வரிசையைப் பெயரறியாக் கடல்வீரனுக்குக் கொடுத்துவிட்டார்கள். 1961 தேசியமயத்துக்குப் பிறகு அன்பளிப்புக் கொடுத்த கிரேக்கரும் பெரும்பாலும் மூட்டை கட்டினார்கள். கொடுத்தவர் இல்லை, வாங்கியவர் இல்லை. நடுவில் குதிரை மட்டும் நிற்கிறது.

இனி அந்த வாளுக்கு வருவோம்.

வாளின் ஒரு பாதி உறைக்குள், மறுபாதி வெளியே. உறையிலிடுகிறார், போர் முடித்துச் சமாதானத்துக்குத் திரும்பிய அரசர் என்பது வழக்கமான விளக்கம். உருவுகிறார் என்று சொன்னாலும் வெண்கலம் மறுக்கப் போவதில்லை. கெட்டிக்காரச் சிற்பி. கிரேக்க மண்ணில் இந்த மனிதரின் வாளை வேறெப்படிக் காட்டுவது? 1824 ஜூனில் மிஸ்ரியக் கப்பற்படை காஸோஸ் தீவை அழித்தது. 1825 பெப்ரவரியில் பாஷாவின் மகன் இப்ராஹீம் மெத்தோனியில் கரையிறங்கி மோரியா முழுவதையும் நெருப்பும் வாளுமாக உழுதார். 1826 ஏப்ரலில் மிஸோலொங்கி வீழ்ந்தது. பிடிபட்ட பெண்களும் பிள்ளைகளும் மிஸ்ரின் அடிமைச் சந்தைகளுக்குப் போனார்கள். 1827 ஒக்டோபர் 20ஆம் திகதி நவாரினோவில் மூன்று வல்லரசுகளின் கப்பல்கள் சேர்ந்து மிஸ்ர், உஸ்மானியக் கப்பற்படையை எரித்த பிறகே இது ஓய்ந்தது. கிரேக்கப் பள்ளிக்கூடங்களில் இப்ராஹீமின் பெயர் எப்படிச் சொல்லப்படும் என்பதை ஊகிக்கலாம். அந்த இப்ராஹீமை அனுப்பிய வாப்பாவுக்குத்தான் கிரேக்க மண்ணில் வெண்கலக் குதிரை.

இதை மன்னிப்பு என்று சிலர் மெச்சலாம். எனக்கு அப்படிப் படவில்லை. மன்னிப்பதற்கு முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இந்தச் சிலை எதையும் சொல்லவில்லை. "நம்ம ஊர்ப் பையன் வெளியூர் போய் ராசாவான கதை"யை மட்டும் சொல்கிறது. 1801இல் பிரெஞ்சுக்காரரை விரட்டப் போன உஸ்மானியப் படையில் கவாலாப் பட்டாளத்தோடு கப்பலேறினார், நான்கே ஆண்டில் வாலியானார், அவ்வளவுதான்.

கிரேக்கருக்கு மட்டுமா இந்த மறைப்பு? 1811 மார்ச் 1ஆம் திகதி மம்லூக் பிரபுக்களைக் கோட்டைக்கு விருந்தினராக அழைத்து, திரும்பிப் போகும் ஒடுங்கிய வழியில் வைத்துச் சுட்டுக் கொல்லச் செய்தவர் இவர். மஹ்மூதிய்யாக் கால்வாய் வெட்ட வெட்டியாளாகப் பிடித்து வரப்பட்டு, ஆயிரக்கணக்கான குடியானவர்கள் அந்த மண்ணிலேயே மடிந்தார்கள். கட்டாயப் படைசேர்ப்புக்குத் தப்ப விவசாயிகள் தம் விரலைத் தாமே வெட்டிக்கொண்டார்கள், ஒரு கண்ணைத் தாமே கெடுத்துக்கொண்டார்கள். காலித் பஹ்மி 1997இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் இந்தப் படையின் கதையைச் சிப்பாயின் பக்கமிருந்து சொல்கிறது. நவீன மிஸ்ரின் தந்தை என்று பாஷாவுக்குச் சூட்டிய பட்டம், புஆத் மன்னர் தம் வம்சத்துக்காகச் சரித்திர ஆசிரியர்களை அமர்த்தி வளர்த்த பட்டம் என்பதையும் அந்நூல் எடுத்துக்காட்டுகிறது. கவாலாச் சிலை அந்தப் பட்டத்தின் வெண்கலப் பிரதி. வாழ்நாள் முழுக்கச் சுல்தானின் பேரில் ஆண்ட ஒரு வாலி, இறந்து நூறாண்டுக்குப் பிறகு அரசராக்கப்பட்டார்.

பாஷாவை நேரில் பார்த்து, அஞ்சாமல் எழுதியவர் ஷெய்க் அப்துர் ரஹ்மான் அல்ஜபர்த்தி. அவருடைய அஜாயிபுல் ஆஸார் நாட்குறிப்புப் போல ஓடும் வரலாறு. யாருடைய காணி போனது, எந்த வரி புதிதாக வந்தது, ரொட்டி விலை என்ன என்பதெல்லாம் அதில் உண்டு. ஜபர்த்தி 1825இல் இறந்தார். பாஷா நிறுவிய பூலாக் அச்சகம், நம் ஆலிம்கள் கிதாபு அட்டைகளில் பார்த்திருக்கக்கூடிய அதே பூலாக், இந்த நூலை முழுமையாக அச்சிட்டது 1879, 80 வாக்கில். பாஷா போய் 30 ஆண்டுக்குப் பிறகு!

வாள் என்றதும் எனக்கு வேறொரு வாளும் நினைவுக்கு வருகிறது. 1881 செப்டம்பர் 9ஆம் திகதி, ஆபிதீன் சதுக்கம். உராபி படைகளோடு, குதிரைமேல், உருவிய வாளுடன் கெதீவ் தௌபீக்கின் முன் வந்தார். வாளை உறையிலிடு, இறங்கு என்று கெதீவ் சொல்ல, உராபி இறங்கினார், வாளை உறையிலிட்டார், பிறகு மக்களின் கோரிக்கைகளைச் சொன்னார். மந்திரிசபை மாற வேண்டும், பிரதிநிதிகள் சபை கூட வேண்டும் என்றார். உறையில் போன வாளுக்குச் சிலை வேண்டுமென்றால் அந்த வாளுக்கு ஒரு நியாயம் உண்டு. உராபிக்கும் மிஸ்ரில், அவர் மாகாணத்தின் தலைநகர் ஸகாஸீக்கில், குதிரைச் சிலை இருக்கிறது. கலை என்ற அளவில் கவாலாச் சிலையே உயர்ந்தது என்று தயங்காமல் சொல்வேன். எந்தக் குதிரைக்குக் கீழே நிற்க விருப்பம் என்று கேட்டால் என் பதில் வேறு.

நண்பரின் முதல் கேள்வி மிச்சமிருக்கிறது. பத்வா கொடுக்க நான் ஆளில்லை. முஸ்லிம் உலகில் ஆட்சியாளருக்குப் பொது இடத்தில் உருவச்சிலை வைக்கும் வழக்கத்தை மிஸ்ரில் கொண்டு வந்ததே இந்தக் குடும்பம்தான் என்பதை மட்டும் சொல்கிறேன். 1870களின் தொடக்கத்தில் கெதீவ் இஸ்மாயில் பிரெஞ்சுச் சிற்பிகளை அழைத்தார். காஹிராவில் இப்ராஹீமின் குதிரைச் சிலையைக் கோர்தியே செய்தார். அலெக்ஸாந்திரியாவில் முஹம்மத் அலியின் குதிரைச் சிலையை ஜாக்மார் செய்தார். கஸ்ருன் நீல் பாலத்துச் சிங்கங்களைச் செய்தவரும் இந்த ஜாக்மார்தான், விலங்குகளை வடிப்பதில் பேர்பெற்றவர். உராபியின் பக்கம் நின்று நாடுகடத்தப்பட்ட முஹம்மத் அப்துஹு, பின்னாளில் சிசிலி போய் வந்து, வணக்கத்துக்குரிய பொருளாகிவிடும் அச்சம் இல்லாத இடத்தில் உருவங்களைப் பழங்கால ஆவணமாகப் பேணலாம் என்று எழுதினார். ஒப்பாதவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். என் சங்கடம் வேறிடத்தில். யாரும் கவாலாப் பாஷாவுக்கு ஸஜ்தா செய்யப் போவதில்லை. ஆனால் கணக்குக் கேட்கக்கூடாத மனிதர் ஒருவரை இந்த உயரம் உண்டாக்கிவிடுகிறதே, அதை யாரும் ஷிர்க்கின் பக்கத்தில் வைத்துப் பேசுவதில்லை.

சிலையை விட்டுத் தெரு வழியே கீழே இறங்கினால் பாஷாவின் வேறொரு நினைவுச்சின்னம் இருக்கிறது. துறைமுகத்தைப் பார்த்தபடி, ஈயத் தகடு வேய்ந்த சிறு சிறு குவிமாடங்களும் நீண்ட புகைக்கூண்டுகளுமாக ஒரு நீளக் கட்டடம். இமாரெத் என்று பெயர். 1817இல் பாஷா தம் ஊருக்காகக் கட்டத் தொடங்கியது. மத்ரஸா, மாணவர் விடுதி, தொழுமிடம், ஏழைகளுக்குச் சோறிடும் சமையற்கூடம் எல்லாம் ஒரே வளவுக்குள். நோன்புக் கஞ்சி அண்டாவை வருடம் முழுக்க இறக்காமல் வைத்திருந்தால் எப்படி, அப்படி. இலவசச் சோறு என்பதால் ஊரார் அதைச் சோம்பேறி மடம் என்று கேலி செய்வதும் உண்டாம். செலவுக்கு எதிர்க்கடலில் இருக்கும் தாஸோஸ் தீவின் வருமானம். அந்தத் தீவை 1813இல் சுல்தான் பாஷாவுக்குக் கொடுத்திருந்தார்.

கல்லில் இருப்பது கருணைதான். ஆனால் அதே ஆண்டுகளில் மிஸ்ரில் பாஷா செய்தது என்ன? பள்ளிவாசல்களுக்கும் மத்ரஸாக்களுக்கும் ஏழைகளுக்கும் என்று விடப்பட்டிருந்த தர்மக் காணிகளுக்கு முதலில் வரி போட்டார். 1814 அளவில் அவற்றை அரசுடைமையாக்கினார். ஆலிம்கள் முறையிட்டார்கள், காதில் விழவில்லை. ஜபர்த்தியின் பக்கங்களில் அந்த அழுகை கேட்கும். மிஸ்ரின் ஏழைகளுடைய வக்பைப் பிடுங்கிய கை, பிறந்த ஊரில் வக்பு வைத்தது. கவாலாவுக்குப் போகிறவர் யாரும் இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்பதில்லை.

இமாரெத்தின் பிற்காலம் இன்னும் விசித்திரம். 1913இல் கவாலா கிரேக்கத்தோடு சேர்ந்தது. 1923 லொசான் உடன்பாட்டின்படி கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொண்டபோது கவாலா முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டியதாயிற்று. நெஸ்தோஸ் ஆற்றுக்குக் கிழக்கே இருந்த முஸ்லிம்களுக்கு விலக்குக் கிடைத்தது. கவாலா மேற்கே இருந்தது. ஓர் ஆற்றின் எந்தக் கரை என்பதில் ஒரு சமூகத்தின் தலைவிதி. நம் வடபுலத்து வாசகர்களுக்கு இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சுலைமான் சுல்தானின் வஸீரான வேறொரு இப்ராஹீம் பாஷா கட்டிய பள்ளிவாசல் புனித நிக்கொலாஸ் தேவாலயமாயிற்று. ஆசியா மைனரிலிருந்து துரத்தப்பட்டு வந்த கிறிஸ்தவ அகதிகள் இமாரெத்தின் அறைகளில் ஒண்டிக்கொண்டார்கள். அந்த அகதிகளை நான் குறை சொல்லமாட்டேன். வீடிழந்தவருக்கு ஒரு வக்புக் கட்டடம் கூரை கொடுத்தது தப்பாகுமா? ஒருவேளை அதன் கடைசி ஸதக்கா அதுவாக இருக்கலாம்.

முஸ்லிமே இல்லாத ஊரில் முஸ்லிம் ஆட்சியாளருக்குச் சிலை என்றால் இதுதான் பொருள். குதிரைமேல் ஒரு பாஷாவைப் பொறுத்துக்கொள்வது லேசு. பாங்கு சொல்லும் அயல்வீட்டானோடு வாழ்வதுதான் கஷ்டம். சிலையை வைத்து, பாருங்கள் எங்கள் பெருந்தன்மையை என்று ஒரு நகரம் சொல்லும்போது, சிலையின் காலடியில் இருந்த சனங்கள் எங்கே என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. துருக்கியிலிருந்து துரத்தப்பட்ட கிரேக்கர் பேரால் இதே கேள்வியை இஸ்மிரிலும் கேட்க வேண்டும், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கட்டடம் இன்றும் மிஸ்ரின் வக்பு அமைச்சுக்குச் சொந்தம். குத்தகைக்குக் கொடுக்கப்பட்டு, பழைமை கெடாமல் அழகாகத் திருத்தப்பட்டு, 2004 முதல் சொகுசு ஹோட்டலாக நடக்கிறது. திருத்திய வேலையைப் பார்த்தவர்கள் புகழ்கிறார்கள். இடிந்து விழவிருந்ததைக் காப்பாற்றியது பெரிய காரியம்தான், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனாலும் மாணவர்கள் படுத்த அறைகளில் விருந்தாளிகள் படுக்கிறார்கள் என்பதையும், அந்தக் குத்தகைப் பணத்தில் ஒரு ஏழைக்காவது ஒரு வேளைச் சோறு போகிறதா என்பதையும், வக்புச் சொத்துகளைப் பற்றி ஊருக்கு ஊர் சண்டை பிடிக்கும் நாம் கேட்காமல் யார் கேட்பது?

நம்மவர் சிலர் இப்போது இஸ்தான்பூல் சுற்றுலாவோடு கிரேக்கத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று கேள்வி. போகிறவர்கள் சதுக்கத்தில் குதிரையோடு படம் எடுக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. சிற்பம் நல்ல சிற்பம். பிறகு சரிவில் இறங்கி இமாரெத்தின் வாசலுக்கு வாருங்கள். உள்ளே போக வழி கிடைத்தால், வழிகாட்டியிடம் பாஷாவின் கதையைக் கேட்க வேண்டாம், அதை அவர் கேளாமலே சொல்வார். சமையற்கூடம் எந்தப் பக்கம் இருந்தது என்று கேளுங்கள்.